அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 53 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அம்மாவுக்கு 79 வயது. மன்னார்குடி பக்கத்தில், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். நாலைந்து மாதமாக மறதி அதிகம். கேஸை அணைக்காமல் விடுகிறார். சாப்பிட்ட மாத்திரையையே மறுபடியும் சாப்பிடுகிறார். சாயங்காலமானால் குழம்புகிறார். பக்கத்து வீட்டுப் பெண் தன் செயினை எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். செயின் என் லாக்கரில் இருக்கிறது. என் வீட்டில் மாமியார் ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. தம்பி துபாயில் இருக்கிறான். கோயம்புத்தூரில் ஒரு ஹோம் பார்த்திருக்கிறான். முன்பணம் மூன்று லட்சம், மாதம் 35,000. ஊர் வீட்டை விற்றுவிட்டால் செலவு சரியாகிவிடும் என்கிறான். அம்மாவோ, 'இந்த வாசலை விட்டு வரமாட்டேன்' என்கிறார். சித்தியும் அத்தையும், 'பெத்த தாயைக் கொண்டுபோய் ஹோமில் விடப் போறியா' என்று கேட்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: மூத்தோர் நலப் பிரிவில் பணிபுரியும் மருத்துவ சமூகப் பணியாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஹோமா, வீடா என்று இந்த வாரம் முடிவு செய்ய வேண்டாம். அதற்கு முன்னால் அம்மாவை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். கொஞ்ச நாளில் கூடிவிட்ட மறதி, இரட்டை மாத்திரை, சாயங்காலக் குழப்பம் மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு முதலில் சர்க்கரை மேல்தான் சந்தேகம் வந்தது. சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு குறைந்த நாளில் ரத்தச் சர்க்கரையை அபாயமான அளவுக்குக் கீழே இறக்கிவிடும். தனியாக இருக்கும் வயதானவர்கள் மதியம் ரெண்டு வாய் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவார்கள். மாத்திரை மட்டும் இரண்டு முறை உள்ளே போயிருக்கும். நாலு, ஐந்து மணிக்குப் பேச்சு தடுமாறும், வியர்க்கும், எதிரே இருப்பவர் யார் என்று குழம்பும். அம்மா குழம்பும் அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். விழுங்க முடியாத அளவுக்கு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இரட்டை மாத்திரை நிற்பதற்கு இன்றைக்கே ஒரு வழி செய்யலாம்: மாத்திரை டப்பாவை அம்மா கையிலிருந்து எடுத்து, நம்பிக்கையான ஒருவர் வேளாவேளைக்கு வந்து கொடுக்கும்படி வையுங்கள்.

மறதி போலவே தோன்றும், ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இன்னும் உண்டு. சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை பிரஷர் மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். அதுவே ஆளைக் குழப்பும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். தைராய்டு குறைவும் இப்படிக் காட்டும். வயதான பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் வெறும் குழப்பமாக மட்டுமே வெளிப்படுவது உண்டு. காது மந்தமானால் கேட்காததையெல்லாம் மறந்துவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். அப்பா போன துக்கம் மனச்சோர்வாகத் தங்கிவிட்டிருந்தால் அதுவும் மறதியாகவே தெரியும். போன வருடம் விழுந்ததில் தலையில் அடி பட்டதா, அதற்கப்புறம் வேறு எப்போதாவது விழுந்தாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துக் குழப்பம் தொடங்குவதும் நடக்கிறது.

திருச்சியிலேயே ஒரு நல்ல பொது மருத்துவரிடம் தொடங்கி, தேவையானால் நரம்பியல் மருத்துவரிடம் போகலாம். சென்னை வர முடிந்தால், கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரி முதல் இருக்கிறது. முதியோர் மருத்துவம் நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-லேயே முதியோருக்குத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கான பட்ட மேற்படிப்பும் வந்தது. எங்கே போனாலும், 'வயசானா மறதி வரத்தான் செய்யும்' என்ற பதிலோடு மட்டும் திரும்பி வராதீர்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பரிசோதனைகள் முடிந்த பிறகும் மறதி அப்படியே இருந்தால், அது டிமென்ஷியா எனப்படும் மறதிநோயாக இருக்கலாம். அப்போது இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் ஆசிரியை என்பதால் பள்ளி விடுமுறையில் நாலைந்து நாள் ஊரில் அம்மாவோடு தங்கிப் பாருங்கள். விருந்தாளி மாதிரி சமையலைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் கூடவே இருங்கள். எந்த நேரத்தில், எந்த வேலைக்கு அம்மாவுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்டிலிலிருந்து தானாக எழுகிறாரா, பாத்ரூமுக்குத் தனியாகப் போய் வருகிறாரா, புடவை மாற்ற முடிகிறதா, ராத்திரி எத்தனை முறை எழுகிறார், எழுந்தால் திசை தெரிகிறதா, அடுப்பைத் தொடுகிறாரா, சிறுநீர் அடக்க முடிகிறதா. எந்த இல்லத்தின் விளம்பரத்தாளையும் விட இந்த நோட்டுதான் உங்களுக்கு வழிகாட்டும். ஹோம் தேடும் பல குடும்பங்கள் அறையையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வருகின்றன. அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு யார் வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்ததா என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை.

நோட்டைப் பார்த்தபின், பகலில் சமையல், மாத்திரை, குளியல் இவற்றுக்கு மட்டும் ஆள் போதும், ராத்திரி நன்றாகத் தூங்குகிறார் என்று தெரிந்தால், அம்மா ஊர் வீட்டிலேயே இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம். மறதி உள்ளவர்களுக்குப் பழகிய வீடு பெரிய துணை. கிணற்றடி எங்கே, சாமி அறை எங்கே என்று யோசிக்காமலே கால் போய்விடும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, சமையலை வருகிற ஆளிடம் விட்டுவிடலாம். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, உயரமான வெஸ்டர்ன் கக்கூஸ் இவையெல்லாம் ஒரு கொத்தனாரும் ஒரு எலெக்ட்ரீஷியனும் ஒரு வாரத்துக்குள் முடிக்கிற வேலை. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபியை எப்போது நிறுத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாதியில் நின்றிருந்தால் மறுபடி தொடங்குங்கள். கால் பலம் கூடினால் தேவைப்படும் ஆள் நேரம் குறையும்.

வீட்டோடு தங்கும் ஆள் வைப்பதென்றால் சில விஷயங்களை முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சி 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பும் பெண் பெரும்பாலும் நர்ஸ் படிப்பு படித்தவர் அல்ல. குளிக்க வைக்க, நடக்க வைக்க, ஊட்ட, டயப்பர் மாற்றப் பழகியவர். அது போதும் என்றால் சரி. இன்சுலின் ஊசி, சிறுநீர்க் குழாய் என்று வந்தால் பயிற்சி பெற்றவர் வேண்டும். 24 மணி நேர ஆள் என்பவரும் மனிதர்தான். ராத்திரி நாலு முறை எழுப்பப்படுகிறவர் பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சொல்லாமல் கிளம்பிவிடுவார். தீபாவளி, பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். அவருக்கு மூன்று வேளை சாப்பாடு, படுக்க ஒரு கட்டில், மாதம் சில நாள் விடுப்பு இவை உறுதியாக இருக்க வேண்டும். ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம், நகை எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம்.

அந்தச் செயின் விஷயம் இங்கேதான் முக்கியமாகிறது. பக்கத்து வீட்டுப் பெண் மேல் வந்த சந்தேகம் நாளை வேலைக்கு வரும் பெண் மேலும் வரும். அது அம்மாவின் குணம் கெட்டுப்போனதால் வருவதில்லை. வைத்த இடம் மறந்துபோகிறது. அந்த வெற்றிடத்தை மூளை ஒரு கதை சொல்லி நிரப்புகிறது. 'செயின் லாக்கர்ல இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது' என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். 'வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்' என்று எழுந்து கூடத் தேடுங்கள், பிறகு பேச்சை மாற்றுங்கள். லாக்கரில் இருக்கும் செயினைப் படம் எடுத்து அம்மா தலைமாட்டில் வைத்துப் பாருங்கள், சிலருக்கு இது உதவுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீங்கள் தனியாகப் போய் நிலைமையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவசரத்துக்கு முதலில் ஓடி வரப்போகிறவர் அவர்தான்.

ராத்திரியும் ஆள் வேண்டும், வாசல் திறந்து வெளியே போகிறார், கூட இருப்பவர்கள் நிற்பதில்லை என்ற நிலை வந்தால், இல்லம்தான் அம்மாவுக்குப் பாதுகாப்பு. அதில் தவறே இல்லை. ஆனால் 'ஹோம்' என்ற ஒரே பெயரில் நம் ஊரில் பல வகை நடக்கிறது. கோயம்புத்தூரைச் சுற்றி நிறைய இருப்பவை மூத்தோர் குடியிருப்புகள். வீட்டையோ ஃபிளாட்டையோ வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து, பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டு, பஜனை, நடைப்பயிற்சி என்று இருக்கலாம். அறுபது, அறுபத்தைந்து வயதில் தம்பதியாகத் தன் காலில் நடந்து போகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. 79 வயதில் வாக்கரோடும் மறதியோடும் தனியாகப் போகிறவருக்கு அது பொருந்தாது. ஆள் துணை வேண்டுமென்றால் நீங்களே தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் குடியிருப்புகள் அவற்றில் உண்டு. இன்னொரு வகை, குளியல், உடை, மாத்திரை, நடை இவற்றுக்கு ஆட்கள் உள்ள கட்டண முதியோர் இல்லம். மூன்றாவது, படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸுகளோடு நடக்கும் பராமரிப்பு மையம். நான்காவது, மறதிநோய் உள்ளவர்களுக்கென்றே நடத்தப்படுவது. இது எண்ணிக்கையில் மிகக் குறைவு. உங்கள் தம்பி பார்த்திருப்பது இதில் எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'மறதி இருக்கிறது, ராத்திரி எழுவார்' என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். இதை மறைத்துச் சேர்த்துவிட்டு, இரண்டாவது வாரமே 'அழைத்துப் போய்விடுங்கள்' என்று போன் வந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை இடம் மாறும்போது வயதானவர் இன்னும் உடைந்துபோகிறார்.

இலவச இல்லங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் ஆதரவும் வருமானமும் இல்லாதவர்களுக்கானவை. ஓய்வூதியமோ சொத்தோ பிள்ளைகளோ உள்ள உங்கள் அம்மா அதற்குள் வரமாட்டார். அந்த இடம் வேறு வழியே இல்லாத ஒருவருக்குப் போகட்டும்.

கோயம்புத்தூர் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தம்பி பார்த்த இல்லம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் திருச்சியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். துபாயிலிருந்து அவர் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வருவார். போய்ப் பார்க்க வேண்டியவர் நீங்கள். மாமியாரை விட்டுவிட்டு மாதம் ஒரு முறை போவதே உங்களுக்குச் சிரமமாகிவிடும். வாரா வாரம் யாராவது வந்து பார்க்கிற முதியவரை எந்த இல்லமும் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் வைத்துக்கொள்கிறது. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ, பள்ளி முடிந்து நீங்கள் பஸ் ஏறிப் போகக்கூடிய இடத்தில், சுமாரான கட்டடமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தண்ணீர், அந்தச் சாப்பாட்டு ருசி, அந்தப் பக்கத்துப் பேச்சு இவையும் அம்மாவுக்கு வேண்டும்.

இல்லத்தைப் பார்க்க இரண்டு முறை போங்கள். முதல் முறை சொல்லிவிட்டு, பகல் பதினொரு மணிக்கு. இரண்டாவது முறை சொல்லாமல், சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு. பகல் ஷிஃப்ட் போய் ராத்திரி ஆட்கள் வரும் நேரம் அது. இல்லத்தின் உண்மையான நிலை அப்போது தெரியும். முதலில் மூக்கு சொல்லும். ஏதோ ஒரு அறையில் ஒரு நேரம் மூத்திர வாடை வருவது சகஜம். நடையெல்லாம் அதே வாடை என்றால் டயப்பர் நேரத்துக்கு மாற்றப்படுவதில்லை. அங்கே இருப்பவர்களின் விரல் நகங்களைப் பாருங்கள். கண்ணாடி போட்டிருந்தால் அது துடைத்திருக்கிறதா, பல் செட் வாயில் இருக்கிறதா அல்லது டம்ளரில் கிடக்கிறதா, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். நடக்கக்கூடியவர்களுக்கும் வேலை மிச்சம் என்று டயப்பர் கட்டிவிடும் இடங்கள் உண்டு. ஒரு மாதத்தில் நடையே போய்விடும். யாரையாவது கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தால், எந்தக் காரணம் சொன்னாலும் அங்கே சேர்க்காதீர்கள். ராத்திரி தூங்க எல்லோருக்கும் மாத்திரை உண்டா என்று சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். 'ஆமாம் மேடம், நிம்மதியா தூங்கிடுவாங்க' என்று பெருமையாகச் சொன்னால் அதுவும் கெட்ட அறிகுறி. தூக்க மாத்திரை சாப்பிட்ட முதியவர் ராத்திரி எழுந்தால் விழுவார், மறுபடி இடுப்பு உடையும்.

சாப்பாட்டு நேரத்தைக் கேளுங்கள். சில இடங்களில் ஆட்கள் வீட்டுக்குப் போக வசதியாக ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு போட்டுவிடுவார்கள். காலை டிபன் எட்டரைக்கு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பதினைந்து மணி நேரம் வெறும் வயிறு ஆபத்து. ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள், அவர்கள் தூங்கும் இடம் எங்கே என்று கேளுங்கள். நடு ராத்திரியில் அம்மா விழுந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், கூட யார் போவார், நீங்கள் வந்து சேரும் வரை யார் நிற்பார், முன்பணம் கட்டுவது யார் என்பதற்குத் தெளிவான பதில் வர வேண்டும். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தாலும், உயிர் பிரிந்தால் என்ன நடைமுறை, மருத்துவர் சான்று யார் தருவார் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றால், பெற்றோரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் பிள்ளைகள் இரண்டு பேராவது கிடைப்பார்கள். அவர்களிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

அப்புறம் காகிதங்கள். முதியோர் இல்லம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லி, அது நடப்பில் இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். 2023-இல் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்தில் என்னென்ன வெளிவந்தன என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மூன்று லட்சம் முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், அம்மா ஒரு மாதத்தில் வெளியே வந்தாலோ காலமானாலோ எத்தனை நாளுக்குள் வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 35,000 என்பதில் டயப்பர், துணி துவைப்பு, பிசியோதெரபி, மருத்துவர் வருகை, ஆக்ஸிஜன் சேர்ந்தவையா? வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்? மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் குறைப்பு உண்டா? எல்லாவற்றையும் விட முக்கியமான வரி ஒன்று உண்டு: உடல்நிலை மோசமானால் வைத்துக்கொள்வார்களா, வெளியேறச் சொல்வார்களா? அம்மாவின் உடல்நிலை ஒருநாள் மோசமாகத்தான் செய்யும். அன்றைக்குக் கைவிடும் இடத்துக்கு மூன்று லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டை இப்போது விற்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அது அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டியது, உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்கு. மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். மறதிநோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் அம்மா போடும் கையெழுத்து பின்னாளில் வழக்குக்கு இடம் கொடுக்கும். பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் சாதாரண பவர் செல்லாது. பிறகு பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் அம்மாவின் மனசு. இல்லத்தில் சேர்ந்த முதல் மாதங்களில் 'என் வீடு இருக்கிறது' என்ற நினைப்புதான் அவரைத் தாங்கும். ஒத்துவராமல் திரும்பி வரவும் இடம் வேண்டும். ஒரு வருடம் வீடு அப்படியே இருக்கட்டும். மாதச் செலவுக்கு அம்மாவுக்கு ஓய்வூதியம் வந்தால் அது முதலில், மீதியை நீங்களும் தம்பியும் எப்படிப் பிரிப்பது என்று பேசி, வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் உடலுழைப்பும் கொடுக்கப் போவது நீங்கள் என்பதால் பணத்தில் பெரிய பங்கு தம்பியுடையதாக இருப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள்.

தம்பி மேல் உங்களுக்குப் புகார் இல்லை என்பதால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பொறுப்பு. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்க்கவில்லை என்றால், 23-ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தானசெட்டில்மென்ட் எழுதுகிற பெற்றோர் அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். மூத்தோருக்கான உதவி எண் 14567. இல்லங்களைப் பற்றிய தகவலுக்கும் இதில் கேட்கலாம்.

இனி அம்மாவிடம் பேசுவது. 'ரெண்டு நாள் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்' என்று பொய் சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவருவதை எல்லோரும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். மறதி உள்ளவருக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வு தங்கும். காரணம் மறந்தாலும் உங்கள் மேல் பயம் நிற்கும். அம்மாவிடம் 'எங்கே இருக்கப் போறீங்க' என்று தொடங்கினால் 'இந்த வாசலை விட்டு வரமாட்டேன்' என்பதுதான் பதிலாக இருக்கும். எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். சிலருக்கு அது சாமி விளக்கு. சிலருக்கு, இறந்தால் இந்த வீட்டு வாசலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற ஆசை. சிலருக்கு, பிள்ளைகள் அப்புறம் வரவே மாட்டார்கள் என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியும். கடைசிக் காரியம் ஊரில்தான் என்று நீங்களும் தம்பியும் வாக்குக் கொடுக்கலாம். 'உங்களை ஒருநாளும் ஹோமில் விடமாட்டேன்' என்ற வாக்கு மட்டும் வேண்டாம். காப்பாற்ற முடியாமல் போனால் அது உங்களைத்தான் வதைக்கும். நல்ல இல்லங்களில் ஒரு மாதம், இரண்டு மாதம் மட்டும் தங்க இடம் தருவார்கள். 'பிசியோதெரபி நல்லா நடக்கும், ஒரு மாசம் இருந்து பாருங்க, பிடிக்கலைன்னா வீடு அப்படியே இருக்கு' என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

சித்திக்கும் அத்தைக்கும் விளக்கம் சொல்லிச் சோர்ந்துபோகாதீர்கள். ஊரில் போய் ஒரு வாரம் அம்மாவோடு ராத்திரி தங்க முடியுமா என்று அன்போடு கேளுங்கள். வந்தால் உங்களுக்கு ஓய்வு. வராவிட்டாலும் கேள்வி குறையும். நம் மாநிலத்தில் இன்று பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர். கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் நாம்தான். பிள்ளைகள் ஒருவர், இருவர், அவர்களும் வெளியூர். உங்கள் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரே வீட்டில் நாலைந்து பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் செய்த வேலையை வேலைக்கும் போய்க்கொண்டு, மாமியாரையும் பார்த்துக்கொண்டு நீங்கள் ஒருவரே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

சேர்த்துவிட்டால் முதல் ஒன்றரை மாதம்தான் கடினம். அழுவார், சாப்பிடமாட்டார், உங்களைத் திட்டுவார். குழப்பம் கூடவும் செய்யும். அதை வைத்து உடனே தோற்றுவிட்டோம் என்று முடிவுகட்டாதீர்கள். ஆனால் புதிதாக ஒரு நீலத் தழும்பு, எடை இறக்கம், பகலெல்லாம் தூக்கம், இடுப்பிலும் குதிகாலிலும் சிவப்பு இவை தெரிந்தால் அன்றே கேள்வி கேளுங்கள். போகும்போது அவருடைய தலையணை, பழகிய புடவைகள், அப்பா படம், சின்ன விளக்கு எடுத்துப் போங்கள். அம்மாவுக்குப் பிடித்தது, பிடிக்காதது, எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை போடச் சொல்லி அடம்பிடிப்பார், எவ்வளவு போடலாம் என்று ஒரு பக்கம் எழுதி அங்கே வேலை செய்யும் பெண்களிடம் கொடுங்கள். அந்தப் பெண்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிப் பேசுங்கள். உங்கள் அம்மாவின் ராத்திரிகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன மாமியார். ஒரு வருடப் படுக்கை என்றால் படுக்கைப்புண் பயம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது யார்? நீங்கள் பள்ளியில் இருக்கும்போது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, கட்டணம் கிடையாது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியுங்கள். மன்னார்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரையும் பதியலாம். உங்கள் கணவர் ஒருநாள் விடுப்பு எடுத்து இதைச் செய்யட்டும். மாமியார் அவருடைய அம்மா. ராத்திரியில் ஒருமுறையாவது எழுந்து திருப்பிவிடும் முறையை அவர் எடுத்துக்கொண்டால் உங்களுக்குத் தூக்கம் கொஞ்சம் திரும்பும். அம்மாவின் பரிசோதனை முடிவுகள் வந்ததும் அந்த நோட்டில் எழுதியதோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எந்த வகை இல்லம் என்று அப்போது குறிப்பாகச் சொல்ல முடியும்.